1968 ஸ்பிட்ஃபயர் மார்க் 3: ரிவர்ஸில் கரகரப்பு, இரண்டாவது கியரில் உரசல். கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

ஹாரோ_ஸ்பிட்ஃபயர்

வணக்கம். லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். போன குளிர்காலத்தில் ஒரு 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 வாங்கினேன். 1296 சிசி எஞ்சின், நான்கு கியர், ஓவர்டிரைவ் கிடையாது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது, சேஸியிலும் பெரிய துரு இல்லை. தொல்லை எல்லாம் கியரில்தான்.

காலையில் எடுத்ததும் ஓரளவு ஒழுங்காக விழுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நன்றாகச் சூடானதும் ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசுகிறது. சிக்னலில் நின்றுவிட்டு முதல் கியர் போட்டாலும் அதே சத்தம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது ஒரு உரசல் வருகிறது. அது வண்டி குளிர்ந்திருந்தாலும் வரும், சூடாக இருந்தாலும் வரும். மூன்றிலும் நான்கிலும் குறையே இல்லை. நியூட்ரலில் நிற்கும்போது லேசான இரைச்சல் உண்டு, கிளட்சை மிதித்தால் அது நின்றுவிடுகிறது.

பக்கத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். "கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கி முழுசாக ரீபில்டு செய்ய வேண்டும்" என்று சொல்லி ஒரு பெரிய தொகையும் சொன்னார்கள். ஓட்டிப் பார்க்கவில்லை. இறக்கித்தான் ஆக வேண்டுமா, அதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

கொவென்ட்ரி_லேத்

சின்க்ரோ, அதாவது கியர் விழுமுன் சுற்றும் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, தேய்ந்திருக்கும். ஐம்பது வருஷத்துக்கு மேலான பெட்டி. இரண்டாவது கியரின் பித்தளை வளையம்தான் எப்போதும் முதலில் போகும். ரீபில்டு செய்த பெட்டியை மாற்றாக வாங்கிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸை இறக்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டிய அவசியமும் பெரிதாக இல்லை. சீட்டையும் நடு டன்னல் மூடியையும் எடுத்தால் உள்ளே இருந்தே வெளியே எடுத்துவிடலாம். இரண்டு பேர் இருந்தால் போதும்.

வண்டலூர்_பழைய_கை

தம்பி, அவசரப்பட்டு இறக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் ஒரே வியாதி இல்லை, இரண்டு மூன்று கலந்து கிடக்கிறது. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்த காலத்தில், அங்கே வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைப் பட்டறையில் பார்த்தவன். உங்கள் ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி அதன் மேல் கட்டிய வண்டி. இரண்டுக்கும் உடம்பை வரைந்தவர் மிக்கெலோட்டி. கியர்பாக்ஸும் ஒரே குடும்பம். எங்கள் ஹெரால்டில் 948 சிசி எஞ்சின்தான், உங்களுடையது பெரியது. ஆனாலும் கியர் செய்கிற சேட்டை இரண்டிலும் ஒன்றுதான்.

முதல் விஷயம். மார்க் 3 வரைக்கும் ஸ்பிட்ஃபயரில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. 1970 கடைசியில் வந்த மார்க் 4-இல்தான் கொடுத்தார்கள். ரிவர்ஸுக்கும் கிடையாது. அப்படியென்றால் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் வரும் கரகரப்பை சின்க்ரோ தலையில் எப்படிப் போட முடியும்? இல்லாத பொருள் தேயாது. வண்டி நின்றிருக்கும்போது அந்த இரண்டும் உரசினால், கிளட்சை மிதித்த பிறகும் கிளட்சிலிருந்து கியர்பாக்ஸின் உள்ளே போகும் இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். கிளட்ச் முழுசாக விடவில்லை.

சூடானால் ஏன் அதிகமாகிறது? குளிரில் கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். கிளட்ச் அரைகுறையாக விட்டாலும் அந்த ஆயிலே ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்திவிடும். சூட்டில் ஆயில் இளகிவிடும், பிடிக்க ஆள் இல்லை. அதனால் கிளட்சின் குறை அப்போதுதான் வெளியே தெரிகிறது. சின்க்ரோ வளையத் தேய்மானம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, குளிரில்தான் அதிகம் கத்தும்.

இந்தச் சோதனைகளைச் செய்து பார்த்து எழுதுங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். லேசாக விழுந்தால் லீவரும் செலக்டரும் பரவாயில்லை. பிறகு வண்டியைச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஐடிலில் இருக்க, கிளட்சை முழுசாக மிதித்து ஐந்து எண்ணும் வரை பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் நன்றாக விடுகிற வண்டியில் அதற்குள் ஷாஃப்ட் நின்றிருக்கும், சத்தம் வராது. எண்ணிய பிறகும் உரசினால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று, கிளட்சை மிதித்தபடியே முதல் கியரில் ஹேண்ட்பிரேக்கை விட்டுப் பாருங்கள். முன்னால் சுவரோ ஆளோ இல்லாத இடமாக இருக்கட்டும். வண்டி தானாக நகரப் பார்க்கிறதா?

இதற்குப் பதில் வந்ததும் மேலே சொல்கிறேன்.

பலெர்மோ_ஸ்பைடர்

அண்ணை சொல்லுறது முற்றிலும் சரி. என்னட்டை ஒரு ஆல்ஃபா ரோமியோ 105 ஸ்பைடர் இருக்கு. அதில கியர்பொக்ஸ் வேற மாதிரி, போர்ஷே வகை சின்க்ரோ. காலமை குளிரில ரெண்டாவது கியர் உரசும், ஆயில் சூடானதும் அடங்கிவிடும். 105 வைச்சிருக்கிற கனபேருக்கு இது தெரியும். உரசல் குளிரிலயா, சூட்டிலயா எண்டுறதுதான் முதல் கேள்வி. எல்லாத்துக்கும் சின்க்ரோ எண்டு சொல்லி பெட்டியைக் கழட்டினால் காசுதான் போகும்.

ஹாரோ_ஸ்பிட்ஃபயர்

ஐயா, மிகவும் நன்றி. சோதனை செய்து பார்த்தேன்.

எஞ்சினை அணைத்தால் நான்கும் ரிவர்ஸும் லேசாக விழுகின்றன. சூட்டில் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டேன், அப்போதும் உரசல். பத்து எண்ணினாலும் உரசுகிறது. கிளட்சை மிதித்து முதல் கியரில் ஹேண்ட்பிரேக்கை விட்டால், லேசாக, ஆனால் நிச்சயமாக, முன்னால் இழுக்கிறது. ஒரு தந்திரமும் கண்டுபிடித்தேன். முதலில் மூன்றாவது கியரைத் தொட்டுவிட்டு உடனே ரிவர்ஸ் போட்டால் பல நேரம் சத்தமில்லாமல் விழுகிறது.

கிளட்ச் ஹைட்ராலிக்கில் கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் புதிது என்று பழைய உரிமையாளர் சொன்னார். ரசீதும் இருக்கிறது.

வண்டலூர்_பழைய_கை

மூன்றாவதைத் தொட்டால் அதன் சின்க்ரோ ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்துகிறது, அதனால் ரிவர்ஸ் விழுகிறது. ஓட்டுவதற்கு நல்ல வழி. ஆனால் கிளட்ச் இழுத்துக்கொண்டே இருக்கும் வண்டியில் அதையே பழக்கமாக வைத்தால் பாவம் அந்த மூன்றாவது வளையமும் சேர்ந்து தேயும்.

கிளட்ச் இழுக்கிறது என்று உறுதியாகிவிட்டது. இனி பெடலிலிருந்து தொடங்கி ஃப்ளைவீல் வரை ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள். கையை முதலில் பெடலில் வையுங்கள். காலால் வேண்டாம், கையால் அழுத்துங்கள். பெடல் நகர ஆரம்பித்து எவ்வளவு தூரம் போன பிறகு பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரின் தண்டு நகர்கிறது? பெடலையும் தண்டையும் சேர்க்கும் கிளெவிஸ் பின் இருக்கிறதே, அந்தப் பின் தேய்ந்து படிக்கட்டு விழுந்திருக்கும். பெடலில் உள்ள துளை வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகியிருக்கும். ஹெரால்டில் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். புது சிலிண்டர், புது பிளேட் எல்லாம் போட்டுவிட்டு இந்த ஒரு பின்னைப் பார்க்காமல் விட்ட வண்டிகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன.

அடுத்து ரப்பர் குழாய். ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லி, குழாய் உப்புகிறதா பாருங்கள். உப்பினால் மாற்றுங்கள், மலிவான பொருள்.

ஸ்லேவ் புதிது என்றால் மகிழ்ச்சி, ஆனால் காற்றை வெளியேற்றும் பிளீட் நிப்பிள் அதன் மேல் பக்கம் இருக்கிறதா பாருங்கள். கீழே இருந்தால் மேலே காற்று தங்கிவிடும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் முழுசாகப் போகாது. பிறகு டன்னல் மூடியைக் கழற்றி ஸ்லேவ் தண்டின் நகர்வை அளந்து சொல்லுங்கள். அரை அங்குலத்தை ஒட்டி வர வேண்டும்.

கொவென்ட்ரி_லேத்

கிளட்ச் இழுப்பதை ஒத்துக்கொள்கிறேன், ரிவர்ஸ் சோதனை தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் யாரும் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ட்ரையம்ஃப் எஞ்சின் என்றால் அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அது கிராங்க் ஷாஃப்ட்டின் த்ரஸ்ட் வாஷர்.

கிளட்சை மிதிக்கும்போது, அதை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஃப்ளைவீல் பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளு முழுவதும் கிராங்க்கை முன்னால் நகர்த்தப் பார்க்கும். அதைத் தாங்குவது பின்பக்க மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்ட வாஷர்கள் மட்டும்தான். அவை தேய்ந்தால் மிதிக்கிற தூரத்தில் ஒரு பங்கு கிராங்க் நகர்வதிலேயே வீணாகும், கிளட்ச் விடாது. ரொம்பத் தேய்ந்தால் வாஷர் நழுவி எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். பிறகு கிராங்க் இரும்பு நேராக பிளாக்கை அரைக்கும். அந்தக் கட்டத்தில் எஞ்சினே போய்விடும். ரிவர்ஸ் உரசல் இந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பார்ப்பது எளிது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்து விடட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் அசைந்தால் அதிகம். டயல் கேஜ் இருந்தால் அளவு தெரியும். தெரியும் வரை வண்டியைத் தயவுசெய்து நீண்ட தூரம் எடுக்காதீர்கள். கிளட்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். ஆயில் பிரஷர் ஏறுவதற்கு முன் அந்த வாஷர் மேல் பாரம் ஏறும். நியூட்ரலில் வைத்து, காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

வண்டலூர்_பழைய_கை

இது முக்கியமான பேச்சு. நண்பர் சரியான நேரத்தில் சொன்னார். நான் பெடலிலிருந்து வரிசையாகப் போவதால் கடைசியில் சொல்லியிருப்பேன், அவர் சொன்னபடி முதலிலேயே பார்ப்பதுதான் பாதுகாப்பு.

பலெர்மோ_ஸ்பைடர்

ஒரு கேள்வி. கியர்பொக்ஸில என்ன ஆயில் நிக்குது? ஜிஎல்-5 தர ஆயில் ஊத்தியிருந்தால் பித்தளை வளையங்களுக்குக் கூடாது எண்டு எல்லாரும் சொல்லினம்.

கொவென்ட்ரி_லேத்

அதில் பாதி உண்மை. ஜிஎல்-5 ஆயிலில் அதிக அழுத்தத்துக்கான கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4-ஐவிடக் கூடுதலாக இருக்கும். அது டிஃபரன்ஷியலில் உள்ள ஹைப்பாய்டு பற்களுக்காகச் செய்தது. பழைய வகை ஆயிலில் அந்தச் சேர்மானம் சூட்டில் பித்தளையையும் வெண்கலத்தையும் அரிக்கும். இப்போது வரும் சிலவற்றில் அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அரிப்பை விடுங்கள். சின்க்ரோ வளையம் வேலை செய்வதே உராய்வால்தான். அதன் உட்புறத்தில் நூல் போல வெட்டியிருக்கும் கோடுகள் ஆயில் படலத்தைக் கிழித்து, கூம்பைப் பிடித்து, வேகத்தைச் சமப்படுத்த வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்க நேரமாகும், அதற்குள் நீங்கள் லீவரைத் தள்ளிவிடுவீர்கள், உரசல் கேட்கும். இந்தப் பெட்டிக்கு ஜிஎல்-4, 80டபிள்யூ-90 ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், பக்கவாட்டு பிளக் வரை நிரப்பினால் போதும். இறக்கும் ஆயிலை ஒரு தட்டில் பிடித்து வெயிலில் காட்டுங்கள். மஞ்சள் மினுமினுப்பு இருந்தால் பித்தளைத் தூள். காந்தத்தில் ஊசி போன்ற துணுக்கு ஒட்டினால் லே ஷாஃப்ட், அதாவது பெட்டிக்குள் பக்கத்துக் கியர் தொகுதியைத் தாங்கும் தண்டு, அதன் பேரிங்கை நினைத்துக் கவலைப்படலாம்.

ஹாரோ_ஸ்பிட்ஃபயர்

எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

கிராங்க் புல்லி அசைந்தது. கண்ணால் பார்த்தபோதே வயிறு கலங்கிவிட்டது. டயல் கேஜ் கடன் வாங்கி அளந்தேன், 0.45 மிமீ காட்டியது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டேன். எஞ்சினை இறக்காமல் சம்ப்பைக் கழற்றி, பின்பக்க பேரிங் மூடியை எடுத்து, பழைய வாஷர்களைச் சுற்றி வெளியே எடுத்தேன். தேய்ந்திருந்தன, ஆனால் நழுவவில்லை. கிராங்க்கின் முகம் சுத்தமாக இருந்தது. புதுசைப் போடும்போது ஆயில் கோடுகள் உள்ள முகம் கிராங்க் பக்கம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு பக்கம் அளவு கூடிய வாஷர் போட வேண்டியிருந்தது. இப்போது ஆட்டம் கையேட்டில் சொன்ன வரம்புக்குள் வந்துவிட்டது.

பெடலின் துளை ஐயா சொன்ன அதே முட்டை வடிவம். பின்னில் விரலில் தட்டுப்படும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. பெடல் ஒரு அங்குலம் கீழே போன பிறகுதான் தண்டு நகர்ந்தது. பெடலைக் கழற்றி, துளையை வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடி வட்டமாகத் துளைத்து, புது பின் போட்டேன். ரப்பர் குழாயையும் மாற்றினேன். நிப்பிள் சரியாக மேலேதான் இருந்தது. ஸ்லேவ் தண்டின் நகர்வு முன்பு 8 மிமீ, இப்போது 13 மிமீ.

சூட்டில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. முதல் கியரும் அப்படியே. கிளட்சை மிதித்தால் வண்டி நகர்வதில்லை. பட்டறை கேட்ட தொகையை நினைத்தால் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

இரண்டாவதில் உரசல் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. பழைய ஆயிலில் மஞ்சள் மினுமினுப்பு இருந்தது, ஊசித் துணுக்கு இல்லை. ஜிஎல்-4 ஊற்றியாகிவிட்டது.

வண்டலூர்_பழைய_கை

மனசு நிறைந்துவிட்டது தம்பி. வரிசையாக, பொறுமையாகச் செய்திருக்கிறீர்கள்.

இனி மிச்சமுள்ள இரண்டாவதைப் பார்ப்போம். கிளட்ச் இழுக்கும்போது எல்லா சின்க்ரோவும் சுற்றுகிற ஷாஃப்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் வேக வித்தியாசம் அதிகம், அதனால் இரண்டாவதுதான் முதலில் தோற்கும். அந்தப் பங்கு இப்போது போய்விட்டது. இன்னும் மீதி உரசல் இருக்கிறதென்றால் அது வளையத்தின் உண்மையான தேய்மானம். உறுதி செய்ய இரண்டு காரியம் செய்யுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது உரசுகிறதா? அப்புறம் டபுள் கிளட்ச் அடித்துப் பாருங்கள். மிதித்து நியூட்ரல், விட்டு லேசாக ஆக்ஸிலேட்டர், மறுபடி மிதித்து இரண்டாவது. எங்கள் காலத்தில் லாரி ஓட்டுபவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஓட்டினார்கள். அப்படிச் செய்தால் சத்தமில்லாமல் விழுகிறது என்றால் தேய்ந்தது வளையம் மட்டும். அப்போதும் உரசினால் கியரின் பற்களே முனை மழுங்கியிருக்கும், அது வேறு செலவு.

நியூட்ரல் இரைச்சலையும் மறக்காதீர்கள். கிளட்சை மிதித்தால் நிற்கிறது என்றீர்கள், அதனால் ரிலீஸ் பேரிங் மேல் குற்றமில்லை. அது கெட்டிருந்தால் மிதிக்கும்போதுதான் கத்தும். ஓட்டத்தில் கவனியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்றில் இரைச்சல் வந்து நான்காவதில் அடங்கினால் லே ஷாஃப்ட். நான்காவது நேரடி கியர், அப்போது லே ஷாஃப்ட் கியர்கள் சுற்றினாலும் பாரம் தாங்காது. நான்கு கியரிலும் ஒரே மாதிரி இரைந்தால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

ஹாரோ_ஸ்பிட்ஃபயர்

ஓட்டிப் பார்த்தேன். டபுள் கிளட்ச் அடித்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டாவது சத்தமே இல்லாமல் விழுகிறது. இல்லாவிட்டால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது உரசுகிறது. முதல் மூன்று கியரிலும் லேசான இரைச்சல், நான்காவதில் அமைதி.

அப்படியென்றால் இரண்டாவது வளையமும் லே ஷாஃப்ட்டும் தேய்ந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் கோடையில் ஓட்டலாமா?

கொவென்ட்ரி_லேத்

ஓட்டலாம். ஆயிலில் இரும்புத் துணுக்கு இல்லை, இரைச்சல் லேசு. டபுள் கிளட்ச் பழக்கத்தை விடாதீர்கள். கோடை முடிந்ததும் ஒருமுறை ஆயிலை இறக்கிக் காந்தம் வைத்துப் பாருங்கள். இரைச்சல் திடீரென்று ஏறினால் மட்டும் உடனே நிறுத்துங்கள், லே ஷாஃப்ட் பேரிங்கின் ஊசி உருளைகள் உடைந்தால் அந்தத் துணுக்குகள் மற்ற கியர்களையும் கெடுத்துவிடும்.

இப்போது இறக்கினால் எதற்காக இறக்குகிறோம் என்று தெரிந்து இறக்குவீர்கள். நான் முதலில் சொன்னபடி கேட்டிருந்தால் நல்ல பெட்டி ஒன்று இழுக்கும் கிளட்சோடு மாட்டிக்கொண்டு அதே கரகரப்பைத் தொடர்ந்திருக்கும், த்ரஸ்ட் வாஷரும் கண்ணில் பட்டிருக்காது. ஐயா சொன்ன வழிதான் சரி.

வண்டலூர்_பழைய_கை

குளிர்காலத்தில் பெட்டி வெளியே வரும்போது இவற்றையும் சேர்த்துச் செய்யுங்கள். பெல் ஹவுசிங் திறந்திருக்கும், ஆகவே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க்கின் பின்முனை நடுவில் இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ் மூன்றையும் மாற்றிவிடுங்கள். வெண்கல புஷ்ஷைப் போடுவதற்கு முன் எஞ்சின் ஆயிலில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அது காய்ந்துபோய் இன்புட் ஷாஃப்ட்டைப் பிடித்தாலும் கிளட்ச் இழுக்கிற மாதிரியே தெரியும்.

பெட்டியைத் திறந்ததும் வளையத்தைக் கியரின் கூம்பில் கையால் அழுத்தி, இரண்டின் பற்களுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். புது வளையத்தை அதே கூம்பில் வைத்தும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் அங்கேயே தெரியும். லே ஷாஃப்ட்டை வெளியே எடுத்து, ஊசி உருளைகள் ஓடும் இடத்தில் விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் எங்காவது தடுக்கினால் உருளைகளை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஷாஃப்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். கிட் வாங்குவதை இதெல்லாம் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.